வலப்பக்கம் சித்தர்களுக்கு

தபால் ஆபீசில் ஸ்டாம்பு விற்கிற எனக்கு நாளெல்லாம் நாற்காலிதான். ஆனால் கால்கள் மட்டும் மேஜைக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டாளத்தில் ஒட்டிக்கொண்ட வியாதி. ஐம்பத்தாறு வயதாகியும் விடவில்லை. விடிந்தும் விடியாமலும் கிளம்பி மலையைச் சுற்றி ஓடுவேன். ஜனங்கள் புண்ணியம் தேடிச் சுற்றுகிற மலையை, மூச்சு வாங்குவதற்காகச் சுற்றியவன் நான்.

ஜனவரியில் மெட்ராஸில் வயதானவர்களுக்கு மாரத்தான் வைத்திருந்தார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். பேர் கொடுத்தாயிற்று, ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. இரண்டாவதுதான் பெரிய தப்பு. தீபம் முடிந்த வாரமே என் இடது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. பாதிச் சுற்றில் அடி அண்ணாமலை கிராமம் வந்ததும் முட்டியின் வெளிப்பக்கத்தில் யாரோ ஆணி அடிப்பார்கள்.

கூட ஓடுகிற ஆதிமூலம் ரிடையரான கம்பவுண்டர். என் கான்வாஸ் ஷூவைப் புரட்டிப் பார்த்தார்.

"யோவ் லிங்கம், ரோடு நடுவுல மேடு, ஓரத்துல சரிவு. நீ எப்பவும் இடது ஓரத்துலயே ஓடற. ஒரு காலு பள்ளத்துல, ஒரு காலு மேட்டுல. முட்டி இன்னா பண்ணும் பாவம்?"

"உங்க முட்டி மட்டும் நல்லா இருக்குதே?"

"நான் எங்கய்யா ஓடறேன்? உன் பின்னாடி இழுபட்டு வரேன்."

"சரி, இப்ப என்னதான் பண்றது?"

"வலது ஓரத்துல ஓடணும்" என்றவர், உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

கிரிவலத்தில் நமக்கு இடது ஓரம். மலையை ஒட்டின வலது ஓரம் சித்தர்களுக்கு. அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எதிர்ச்சுற்று என்பதோ பேச்சுக்கே இல்லை.

வீட்டில் மனைவி கஸ்தூரியிடம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சித்தருங்க போற வழியில ஷூ போட்டுக்கினு ஓடுவீங்களா? யார் மேலயாவது மோதினா?"

"மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"ஓடுங்க. அப்புறம் வீட்ல மோர் கூடக் கிடையாது, சொல்லிட்டேன்."

அன்றைக்குப் படுத்த பிறகும் என் கால்கள் போர்வையை உதைத்துக்கொண்டிருந்தன. "தூங்கறப்பவாவது நில்லுங்களேன்" என்றாள். நின்றால்தானே தூக்கம் வருவதற்கு!

ஞாயிற்றுக்கிழமை முடிவு கட்டிவிடுவது என்று இறங்கினேன். மலையை இரண்டு சுற்று ஓட வேண்டும். முட்டி தாங்கினால் மெட்ராஸ். தாங்காவிட்டால் ஆபீசில் எல்லோர் முகத்திலும் முழிக்க வேண்டும்.

வலது ஓரத்தில் ஏறினேன். ஆதிமூலம் இடது ஓரத்தைவிட்டு நகரவில்லை.

"நான் இந்தப் பக்கமே வரேன்யா. பேரப் பசங்க இருக்காங்க எனக்கு."

நடுவில் ரோட்டை வைத்துக்கொண்டு கத்திக் கத்திப் பேசியபடி ஓடினோம். நான் நடுநடுவே, "வழி சாமி, வழி சாமி" என்று காற்றிடம் கெஞ்சினேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் வண்டியையே நிறுத்திப் பார்த்தான். முதல் சுற்று முடிந்ததும் ஆதிமூலம் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். நான் தனியாக ஓடினேன். இந்த அடியில் ஆணி இறங்குமா, அடுத்த அடியிலா என்று முட்டியையே கேட்டுக்கொண்டு ஓடினேன். மலையைப் பார்க்கக்கூட மனசு நிலைகொள்ளவில்லை.

அடி அண்ணாமலை வந்தது. ஆணி வரவில்லை. இடது ஓரத்தில் கையில் செம்போடு கஸ்தூரி நின்றிருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் காலி ரோட்டை நோக்கிக் கும்பிட்டாள்.

"கொஞ்சம் ஒதுங்கிக்குங்க சாமி. எங்க வீட்டுக்காரர் வராரு. ஆள் கொஞ்சம் அவசரக்காரர்."

சொல்லிவிட்டு, யாருக்கோ வழிவிடுகிறவள் போல ஒரு கணம் நின்றாள். பிறகு ரோட்டைக் கடந்து சித்தர்கள் பக்கம் வந்துவிட்டாள்.

"குடிங்க."

"நின்னா முட்டி பிடிச்சிக்கும் கஸ்தூரி."

"யாரு நிக்கச் சொன்னா?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் பக்கத்தில் ஓடி வந்தாள். செம்பிலிருந்த மோர் பாதி என் சட்டையிலும், மீதி அவள் கையிலும் சிந்தியது. ஒரு வாய்தான் எனக்குக் கிடைத்தது.

"வலிக்குதா?"

"இன்னும் இல்ல. வந்துடுமோன்னுதான் இருக்குது."

அவளுக்கு மூச்சு முட்டியது. நின்றுவிட்டாள். என்னை அறியாமல் நானும் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தேன். செம்பை ஆட்டி விரட்டினாள்.

"நடுவழியில இன்னா பார்வை? ஓடுங்க. பின்னாடி அவங்கல்லாம் வராங்க இல்ல?"