இடப்பக்கமே திரும்பிய கார்

சலூன்காரனுக்கு வாய் மூடாது என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. கத்தரிக்கோல் ஒரு பக்கம் ஓடும், நாக்கு ஒரு பக்கம் ஓடும். அதெல்லாம் போன வருஷம் வரைக்கும். இப்போது வந்தவர்களை உட்கார வைக்கிறான், வெட்டுகிறான், துண்டை உதறுகிறான், அடுத்தவரைப் பார்க்கிறான், அவ்வளவுதான். அவனுடைய ஒரே மகளுக்கு இரண்டரை வயதில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார்கள், வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

வீட்டில் அவளுக்கு வண்டு என்று பெயர். தூக்கம் வரும்போது "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டே இருப்பாள். முனகல் நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். அந்த மகாராணிக்குக் கட்டிலிலும் தூக்கம் வராது, மடியிலும் வராது. மதியம் காரில் போட்டுத் தெருத்தெருவாகச் சுற்றினால்தான் வரும். முனகல் நிற்கும்வரை சுற்றிவிட்டு, நின்றதும் வீட்டுக்குத் திரும்பி, கதவு சத்தம் கேட்காமல் தூக்கிப்போய்ப் படுக்க வைப்பார்கள்.

குழந்தை போன அன்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் மனைவி அழவில்லை. சொந்தக்காரப் பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடும்மா, உள்ளயே வச்சுக்காத" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள், "மத்தியானத்துல அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன். காரை எடுத்துக்கறேன்" என்றாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. சாவியை அவனே எடுத்துக் கொடுத்தான். மனுஷி தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

காரில் ஏதோ சத்தம் வருகிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவன் கவனித்தான். முன்பக்கம் எங்கிருந்தோ ஒரு ரீங்காரம். வேகம் கூடினால் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது.

"என்ன சத்தம் இது?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டான்.

"என்ன சத்தம்?"

"உனக்குக் கேக்கல?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல. நல்லாத்தான ஓடுது, விடுங்க."

காதில் என்ன பஞ்சையா வைத்திருக்கிறாள் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. மறுநாள் காலையில் சலூனைத் திறக்காமல் நேராக மெக்கானிக்கிடம் போனான். மெக்கானிக் அவனுடைய பால்ய சிநேகிதன். இவனிடம்தான் முடி வெட்டிக்கொள்வான், வெட்டி முடித்ததும் கோணல் என்று திட்டாமல் போக மாட்டான்.

"டயர்தான் மச்சான். வேணா பந்தயம் கட்டு" என்று ஆரம்பித்தான் மெக்கானிக். முன்னால் இருந்த டயர்களைப் பின்னாலும் பின்னால் இருந்தவற்றை முன்னாலும் மாற்றிப் போட்டு ஒரு சுற்று ஓட்டினான். சத்தம் முன்னாலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. மெக்கானிக்குக்கு மூக்கு உடைந்தது.

"சரி, நீ பின்னாடி உக்காந்து காதைக் குடு. நான் ஓட்டறேன். சலூன்ல மாதிரி தொணதொணன்னு பேசக் கூடாது" என்றான். பழைய ஞாபகத்தில் சொல்லிவிட்டான். சலூன்காரன் அப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று என்று மெக்கானிக்குக்கும் தெரியும்.

சலூன்காரன் பின்சீட்டில் ஏறினான். இடது ஓரத்தில் குழந்தைக்கான சீட்டை மாட்டியிருந்த பள்ளங்கள் இன்னும் அப்படியே அமுங்கிக் கிடந்தன. அவன் வலது ஓரமாக உட்கார்ந்துகொண்டான்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் மெக்கானிக் கியரை நியூட்ரலில் போட்டு காரைத் தானாக உருள விட்டான். இஞ்சின் அடங்கியது, ரீங்காரம் அடங்கவில்லை. "இஞ்சின் மேல குத்தமில்ல" என்றான். பிறகு சொரசொரப்பான தெருவிலும், புதிதாகத் தார் போட்ட தெருவிலும் ஓட்டிக் காட்டினான். "டயர் சத்தம்னா ரோட்டுக்கு ரோடு மாறணும். இது மாறவே இல்ல பாரு. அப்ப சக்கரத்துப் பேரிங்தான். எந்தப் பக்கம்னு பாத்துடலாம்."

வெறிச்சோடிய இடமாகப் பார்த்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். சத்தம் குறைந்தது. இடப்பக்கம் ஒடித்தான். "ம்ம்ம்" என்று கார் முழுக்க நிறைந்தது.

"கேட்டியா? இடது பக்கம் ஒடிச்சா பாரம் வலது சக்கரத்து மேல விழும். வலது பேரிங்தான் அழுவுது. என்னமா வண்டு மாதிரி..." சொல்லிவிட்டு மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கார் இடப்பக்கம் திரும்பியபோது சலூன்காரனின் இடது கை தானாகவே பக்கத்துச் சீட்டுக்குப் போயிருந்தது. திருப்பத்தில் சாய்கிற தலையைத் தாங்கப் போன கை. நாற்காலியில் தூங்கி விழுகிற ஊர்த் தலைகளையெல்லாம் தாங்கிப் பழகிய கை அது. அங்கே தலை இல்லை. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பட்டறைக்கு வந்து காரைத் தூக்கி நிறுத்தி, வலது முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டபோது கரகரவென்றது. ஆனால் மெக்கானிக் அதைவிட்டுவிட்டு, முன்னாலிருந்து பின்னால் மாற்றிப் போட்ட வலது டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளி ஓரம் மொட்டையா தேஞ்சிருக்கு மச்சான். இடது டயர் புதுசு மாதிரி இருக்கு. சக்கர அலைன்மென்ட்லயும் கோளாறு இல்ல. இந்தக் கார் இடது பக்கமாவே திரும்பித் திரும்பி ஓடியிருக்கு. டிரைவிங் ஸ்கூலுக்கு வாடகைக்கு விட்டுட்டியா? செக்குமாடு மாதிரியில்ல சுத்தியிருக்கு!"

"அவ அக்கா வீட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போறா" என்றான் சலூன்காரன்.

"அக்கா வீட்டுக்குப் போனா வலது பக்கமும் திரும்பித்தான ஆகணும்?"

அந்த இடத்தில்தான் அவனுக்குப் புரிந்தது. யாருக்கும் போன் போட்டுக் கேட்கத் தேவை இருக்கவில்லை.

அந்தப் பாதையைப் போட்டதே அவன்தான். வீட்டிலிருந்து பேக்கரி முனையில் இடது, பள்ளிக்கூட மதில் முடிகிற இடத்தில் இடது, தண்ணீர்த் தொட்டியிடம் இடது, பிறகு திரும்பவும் இடது. வலப்பக்கம் திரும்பினால் எதிரே வருகிறவனுக்காக நிற்க வேண்டும். கார் நின்றால் வண்டு கண்ணை முழித்துக்கொள்வாள். "லெஃப்டாவே போயிட்டிரு, நிக்கவே வேணாம்" என்று மனைவிக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். என்ன கெட்டிக்காரத்தனம் என்று தன்னையே மெச்சிக்கொண்டான் அப்போது.

அவள் மதியம் தோறும் அதே பாதையில் சுற்றியிருக்கிறாள். சுற்றிச் சுற்றிச் சக்கரம் முனக ஆரம்பித்திருக்கிறது. முனகல் நின்றால்தானே வீட்டுக்குத் திரும்ப முடியும்? இந்த முனகல் நிற்கவே இல்லை. அதனால்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். கேட்கிறது என்று சொன்னால் இவன் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

அவன் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"இப்படியே விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டான்.

"விளையாடறியா? ஒரு நாள் போற போக்குல சக்கரம் இறுகிக்கும், இல்ல கழண்டுக்கும். உள்ள இருக்கறவங்க கதி அதோகதிதான்."

மாற்றச் சொன்னால் அவளுக்கு மிச்சமிருப்பதைத் தன் கையாலேயே பிடுங்குவதாகும். ஜன்மத்துக்கும் தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று நினைத்தான். விட்டால் அவளும் ஒரு நாள் திரும்பி வரமாட்டாள். மெக்கானிக் கையில் ஸ்பானரோடு காத்துக்கொண்டிருந்தான்.

"மாத்திடு மாப்ள" என்றான். மெக்கானிக் என்ன ஏதென்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு கேலியும் பேசாமல் வேலையை முடித்தான்.

மதியம் அவன் வீட்டுக்குப் போனபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"காரை எங்க எடுத்துட்டுப் போனீங்க? நான் அக்கா வீட்டுக்குப் போகணும்."

"நானும் வரேன்" என்றான் அவன். சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். அவள் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். பிறகு முன்னால் ஏறிக் காரைக் கிளப்பினாள்.

பேக்கரி முனையில் இடப்பக்கம் திரும்பினாள். சத்தம் இல்லை. மதில் முடிகிற இடத்தில் திரும்பினாள். சத்தம் இல்லை. அவள் தோள் விறைப்பதைப் பின்னாலிருந்து பார்த்தான். கண்ணாடியில் அவள் கண் அவனைத் தேடி வந்தது. திட்டுவாள், காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்துவிடுவாள், என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. அவள் வேகத்தைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டாள். அங்கே கேட்க ஒன்றுமில்லை.

"நின்னுடுச்சு" என்றாள்.

"ம்."

இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினாள். பிறகு, அந்தக் காலத்தில் இருவரும் காருக்குள் பேசிக்கொண்ட அதே கிசுகிசுப்பில், "தூங்கிட்டா" என்றாள்.

கடைசித் திருப்பத்தில் திரும்பி வீட்டு வாசலில் நிறுத்தினாள். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, தன் பக்கத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சுற்றி வந்து, பின்பக்க இடது கதவைத் திறந்தாள். எப்போதும் போலக் குனிந்து இரண்டு கையையும் உள்ளே நீட்டினாள். தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் அப்படியே நின்றாள்.

அவன் நகர்ந்து வந்து, தன் தலையை அந்தக் கைகளில் வைத்தான். அதற்குப் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.