வாசலில் நின்ற தலைமை நிர்வாகி

எங்கள் வீட்டில் பெண் கேட்டு வருகிறவர்கள் பதில் கிடைக்கும்வரை உட்காருவதில்லை, தண்ணீர்கூடத் தொடுவதில்லை. அடிஸ் அபாபாவில் பல வீடுகள் இதை விட்டுவிட்டன. நான் விடவில்லை. என் மகள் ஸெனாயித்தைத் தாரிகுவுக்குக் கேட்டு அவன் சித்தப்பாக்கள் வந்தபோது, எங்கள் வாசலுக்குத் தகுந்த பெரியவரை அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டேன்.

மறு ஞாயிறு ஒருவர் தனியாக வந்தார். ஆப்பிரிக்க நாடுகளின் மன்றத்துக்கே தலைமை நிர்வாகி. தாரிகு அவரிடம் மொழிபெயர்ப்பாளன். கொடி கட்டிய கார் எங்கள் சந்துக்குள் நுழையாததால் சேற்றில் நடந்தே வந்திருந்தார். பல வருடம் இங்கே இருந்தவர். எங்கள் அம்ஹாரிக் மொழியில் தடுமாறாமல் பேசினார்.

எனக்குத்தான் இக்கட்டு. உடனே சம்மதித்தால், பதவியைப் பார்த்துப் பெண்ணைக் கொடுத்தான் என்று தெரு பேசும். மறுத்தால் ஸெனாயித் வேறு யாரையும் கட்டமாட்டாள்; காலையிலேயே சொல்லிவிட்டாள்.

நேரம் கடத்த, அவர் உத்தரவு போட்டால் ஐம்பத்தைந்து நாடுகளும் கேட்குமாமே என்று விசாரித்தேன்.

“நான் எங்கங்க உத்தரவு போடறது? அவங்க கூடி முடிவு பண்ணுவாங்க, நான் செஞ்சு முடிக்கணும். முடிவு பண்ண வைக்கறதுக்கே ஒவ்வொரு வாசலா போய் நிக்கணும்.”

“அப்ப நிக்கறது உங்களுக்குப் பழக்கம்தான்,” என்றாள் உள்ளிருந்து என் மனைவி வொர்க்கினேஷ்.

என் இக்கட்டு அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, இன்னிக்கு முடியாதுன்னு சொல்லிடுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, பக்கத்து வீட்டுக்குக் கேக்கட்டும். அடுத்த ஞாயிறு நான் வர்றேன்.”

சொன்னேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். அவர் தலை குனிந்து விடைபெற்றார். ஸெனாயித் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இத்தனை பெரிய மனிதர் திரும்பி வருவாரா என்று வொர்க்கினேஷ் தினமும் கேட்டாள். எனக்கும் தூக்கம் இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தார். நின்றார். அதே வார்த்தைகளில் பெண் கேட்டார். நான் எழுந்து, தந்தோம் என்றேன்.

உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, வொர்க்கினேஷ் கொடுத்த தேன்மதுவை ஒரே மூச்சில் குடித்தார்.

“ரெண்டாவது தடவையிலேயே சம்மதிச்சது, இந்த வருஷத்துல நீங்க ஒருத்தர்தான்,” என்றார்.

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வொர்க்கினேஷ் ஏன் சிரித்தாள் என்று கேட்கவில்லை.