கிப்லாப் பக்கத்துச் சூரியன்

காத்தான்குடி வாவிக்கரையில் எழுந்த மூன்று மாடிக் கடைக் கட்டடத்துக்கு பஸ்லான்தான் மேற்பார்வையாளர். மேல்மாடியில் திங்கட்கிழமை பெண்களுக்கான தையல் நிலையம் திறக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிகள் வெயிலைத் தடுத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் தரமானவை என்று அதிகாரி ஒப்பமிட்டால்தான் திறக்கலாம். அதற்கு அத்தாட்சி, கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபல்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி உதயரூபன் வந்தபோது மேல்மாடியின் மேற்குப் பக்கத்தில் ஒரு லேபல்கூட இல்லை.

“ராத்தா! இதில ஒட்டியிருந்ததெல்லாம் எங்க?” பஸ்லான் அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டான்.

துப்புரவு செய்யும் சித்தி நபீஸா என்ற அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்தார். “நான்தான் கழட்டினன் தம்பி. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில கண்ணும் வாயுமா ஒரு சூரியன் சிரிக்குது. கிப்லாப் பக்கம் அத வெச்சுக்கிட்டு எப்படித் தொழுற?”

வேலையாட்கள் மேற்கே கிப்லாத் திசையை நோக்கி லுஹர் என்னும் நண்பகல் தொழுகையைத் தொழுவது அந்த மேல்மாடி மண்டபத்தில்தான். பின்னேர வெயில் விழுவதும் அதே பக்கத்தில்தான்.

“கொழும்புக் கம்பனியோட மாசக்கணக்கா அடிபட்டு எடுத்த கண்ணாடி! ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!”

“எறியல்ல தம்பி. எழுத்துள்ள சாமான் காலில மிதிபடக் கூடாதெண்டு எடுத்து...” என்றபடி முந்தானை முடிச்சிலிருந்து லேபல் கட்டொன்றை எடுத்து நீட்டினார்.

“இனி என்னத்துக்கு இது?” பஸ்லான் அதைப் பறித்து வீசினான். லேபல்கள் சிதறின. கடற்காற்று ஒன்றைத் தூக்கித் திறந்திருந்த ஜன்னலால் கொண்டு போனது.

உதயரூபன் குனிந்து ஒன்றை எடுத்தார். “பொறுங்க பஸ்லான். இதில இலக்கம் இருக்கு. கண்ணாடி மூலையில பொறிச்ச இலக்கத்தோட ஒத்தாச் சரி. ஒட்டித்தான் இருக்கோணும் எண்டில்ல.”

மூவரும் முழங்காலிட்டுப் பொறுக்கினார்கள். எல்லாம் ஒத்துப் போயின, ஒன்றைத் தவிர.

வாவிக்கரைக்கு இறங்கினார்கள். உதயரூபனும் காற்சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் தேடினார். மினுங்கியதெல்லாம் பிஸ்கட் உறைதான்.

“ஒண்டு குறைஞ்சாலும் ஒப்பம் வைக்க ஏலா,” என்றார் அவர். “புது லேபல் வந்த உடன சொல்லுங்க. லீவு நாளெண்டாலும் வாறன்.”

பஸ்லான் கொழும்புக் கம்பனிக்கு போன் அடித்தான். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தான். வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் யார் எடுப்பார்கள்? திங்கட்கிழமை போனது போனதுதான். ராத்தா சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். அல்லாஹ் அவனிடம் அவ்வளவைத்தான் கேட்டான்.

“என்ட மகள் நஸ்ஹாவும் திங்கட்கிழமை தையல் நிலையம் திறக்கும் எண்டுதான் பார்த்திட்டிருக்காள்,” என்றார் சித்தி நபீஸா. “நான் சொல்லிக்கிறன். மற்றப் பிள்ளைகளுக்கும் அவள் சொல்லுவாள். நீங்க மனம் உடையாதீங்க.”

அவர் திட்டியிருந்தால் அவனுக்கு இலேசாக இருந்திருக்கும்.

“வீசினது என்ட கைதான் ராத்தா,” என்றான். அவருடைய வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினான்.