பதிவேட்டில் ஓடுகாலி

பாகூரில் கல்யாணம் பதிய வேண்டுமானால் மேரி என்று ஊரார் சொல்லும் பிரெஞ்சு அரசின் கொம்யூன் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். மணப்பெண் காசம்மாளின் பிறப்புப் பதிவைக் குமாஸ்தா மணவாளன் உரக்கப் படித்தார்.

"தகப்பன் பெயர், ஓடுகாலி அந்தோணிசாமி."

பாகூர்க்காரர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சைகோனிலிருந்து திரும்பிய அந்தோணிசாமி ஊருக்கு வெட்டிக் கொடுத்த கிணற்றுக்கே ஓடுகாலிக் கிணறு என்றுதான் பெயர். "வா ஓடுகாலி, குந்து" என்றால் அவரும் சிரித்தபடி உட்காருவார்.

மாப்பிள்ளையின் தகப்பன் ஆரோக்கியம் வில்லியனூர்க்காரர். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சம்பந்தி இது? எங்க ஊர்ல இப்படிச் சொன்னா வெட்டிக்குவானுங்க. நீ எதுக்கு ஓடன?"

சாட்சியாக வந்திருந்த அரங்கநாதன் பதிவேட்டிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்தோணிசாமி முன்பு வேலை செய்தது அவர் பண்ணையில்தான். இருபது வருஷத்துக்கு முன், தகப்பன் ஊரில் இல்லாததால் காசம்மாள் பிறந்ததைப் பதிய வந்தவரும் அவரே. பெயர் கேட்டபோது, களத்துமேட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய வசவு வாயில் வந்தது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைய குமாஸ்தா அதையே எழுதிக்கொண்டார்; அரங்கநாதன் திருத்தவில்லை.

அதற்குச் சில மாதம் முன், உழவு மாடு செத்ததற்காக அந்தோணிசாமியைத் தொழுவத்தில் கட்டிவைத்துத் தார்க்குச்சியால் அடித்திருந்தார். மாட்டின் காலில் பாம்பு கடித்த தடம் மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் அந்தோணிசாமி கப்பலேறிவிட்டார். அடித்தது வெளியே வராமலிருக்க, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போன ஓடுகாலி என்று அரங்கநாதனே ஊரெல்லாம் பரப்பினார்.

அந்தோணிசாமி சிரித்தார். "கப்பல் ஆசை சம்பந்தி. நானாத்தான் ஓடனேன். இன்னா ஐயா, நெசந்தானே?" என்று அரங்கநாதனைப் பார்த்தார்.

"ஓடன புத்தி பொண்ணுக்கும் வராதுன்னு இன்னா நிச்சயம்?" என்றார் ஆரோக்கியம்.

காசம்மாள் தலை குனிந்தாள். அதற்குமேல் அரங்கநாதனால் உட்கார முடியவில்லை.

"அவன் தானா ஓடல. நான்தான் கட்டிவெச்சி அடிச்சேன். மாடு செத்தது பாம்பு கடிச்சி, அவன் மேல தப்பு இல்ல. அந்தப் பேர வெச்சதும் நான்தான்."

ஆரோக்கியம் மெல்லப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும்போது அந்தோணிசாமி அரங்கநாதனின் பக்கத்தில் வந்தார். சிரிப்பு இல்லை.

"நான் அடிபட்டது எம் பொண்ணுக்குத் தெரியாது ஐயா. இருபது வருசமா சிரிச்சிச் சிரிச்சே மறைச்சேன். அவ எதிர்லியா சொல்லணும்?"



வாசலில் வண்டிக்காரன் பக்கிரி வண்டி பூட்டி நின்றிருந்தான். உள்ளே நடந்தது அவனுக்குத் தெரியாது. "ஏறு ஓடுகாலி, நேரமாவுது!" என்று வழக்கம்போல் கூவினான்.

கூட வந்த பாகூர்க்காரர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்தோணிசாமி வண்டியில் ஏறாமல், மகளுக்குப் பின்னால் நடந்தே போனார்.