முப்பதாம் நம்பர் மாத்திரை

டிக்கெட் எடுக்காதவன் பஸ்ஸில் எந்த இருக்கையில் இருக்கிறான் என்று செக்கருக்கு ஏறும்போதே மூக்கில் வேர்த்துவிடும். முப்பது வருட சர்வீஸ். கண்டக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் கழுகு. அது அவர் காதுக்கும் வந்தது; உள்ளூரச் சந்தோஷம்தான். சிக்கல் என்னவென்றால், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாரே தவிர, சந்தேகத்தைக் கழற்றி மாட்ட அவருக்குத் தெரியாது. பால்காரர் ஊற்றும் பாலையும் பார்ப்பார், ஊற்றுகிற கையையும் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவரை அவருடைய கால்களே ஒரு வருடமாக ஏய்த்துக்கொண்டிருந்தன. நிற்கும்போது ஒன்றுமில்லை. பஸ்ஸுக்கு பஸ் ஏறி இறங்கும்போதும் ஒன்றுமில்லை. சாயங்காலம் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தால் போதும், கெண்டைக்காலுக்குள் என்னமோ ஊரும். வலி என்று சொல்ல முடியாது, அரிப்பும் இல்லை. உதற வேண்டும், எழுந்து நடக்க வேண்டும். நடந்தால் அடங்கும். உட்கார்ந்தால் மறுபடி வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும்.

ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் பதினான்கு மணி நேரப் பயணம். அவளுக்கு இது ஏழாம் மாதம். “அம்மாவைக் கூட்டிட்டு வாங்கப்பா, ஒரு மாசம் என் பக்கத்துல இருக்கட்டும்” என்று வாரத்துக்கு நாலு போன். செக்கருக்கு இரண்டு பேர் போக இலவச பாஸ் உண்டு. லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று. மனைவிதான் பிடி கொடுக்கவில்லை.

“உங்க கால் இருக்கிற லட்சணத்துல பதினாலு மணி நேரம் எப்படி உக்காருவீங்க? முதல்ல அது சரியாகட்டும். அவசரம்னா நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வாங்க.”

கழுகு இதை விடுமா? கால் சரியில்லை என்கிறவள், அதே காலோடு தனியாகப் போகச் சொல்கிறாள். ஏறிய இடமும் இறங்கும் இடமும் ஒத்துவராத பேச்சு. பிள்ளைத்தாய்ச்சி மகள் வா வா என்று கூப்பிடும்போது எந்தத் தாய் சாக்குச் சொல்வாள்? ஒருவேளை, தன்னோடு ஒரே இருக்கையில் அவ்வளவு நேரம் உட்கார இவளுக்கு இஷ்டமில்லையோ? அந்த நினைப்பு அவருக்கு முள்ளாகத் தைத்தது. காலைச் சரிப்படுத்திக்கொண்டு வந்து நின்றால் அப்புறம் என்ன சாக்குச் சொல்வாள், பார்த்துவிடலாம் என்று டாக்டரிடம் கிளம்பினார்.

மனைவியும் கூட வந்தாள். நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரமாகவே நின்றாள். அவர் காலின் கதையைச் சொல்லச் சொல்ல, டாக்டரம்மாவைவிட இவள்தான் உன்னிப்பாகக் கேட்டாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, “உடம்புல இரும்புச்சத்து இருப்பு ரொம்பக் கம்மி. அது ஏறினா சில பேருக்கு இந்தத் தொல்லை குறையும், உங்களுக்கும் குறையலாம். வைட்டமின் டி-யும் கம்மியாத்தான் இருக்கு, அதுக்கு வாரம் ஒண்ணு. இரும்பு மாத்திரையை எலுமிச்சை சாறோட போடுங்க, அதுல இருக்கிற வைட்டமின் சி இரும்பை உடம்புல சேர்க்கும். டீயோட மட்டும் வேண்டாம். பலன் தெரிய வாரக்கணக்கு ஆகும். பரிசோதிக்காம வேற யாரும் இதை எடுத்துப் போட்டுக்கக் கூடாது” என்றார். “வெளிக்குக் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க.”

பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்கிறவர்களைத்தான் செக்கர் முதலில் பிடிப்பார். மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேதியை மூன்று தடவை படித்து, கடைக்காரர் முகத்தை ஒரு தடவை படித்து, அரைமனதாக வாங்கி வந்தார். வந்ததும் பேனாவை எடுத்தார். மூன்று அட்டை, அட்டைக்குப் பத்து. வெள்ளித் தாளின் மேல் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒன்று முதல் முப்பது வரை நம்பர் போட்டார்.

“மாத்திரைக்கும் டிக்கெட் கிழிச்சாச்சா?” என்று மனைவி சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் காலை. ஒன்பதாம் நம்பரைப் பிய்க்கப் போனவர் ஒரு பழக்கத்தில் கடைசி அட்டையையும் திருப்பினார். முப்பது இல்லை. இருபத்தொன்பது, இருபத்தெட்டு, அவையும் இல்லை.

கடைக்காரர் குறைத்துக் கொடுத்தாரா? நம்பர் போடும்போது முப்பதும் இருந்தன. எலியா? முப்பதிலிருந்து பின்னோக்கி எண்ணித் தின்கிற எலி இன்னும் பிறக்கவில்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவர் வாயைத் திறக்கவில்லை. பிடிக்கிறவன் பேசக் கூடாது. மறுநாள் பார்த்தார், இருபத்தேழும் போயிருந்தது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தார். குப்பையில் போடுகிறாள். முப்பதும் முழுதாக உள்ளே போனால் கால் சரியாகும், சரியானால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். கால் சரியாகக் கூடாது என்பதுதான் அவள் கணக்கு. இருபத்தெட்டு வருடம் கூடவே குடித்தனம் நடத்தியவள்! அன்று டூட்டியில் ஒருவரையும் அவரால் பிடிக்க முடியவில்லை. டிக்கெட்டுகளைப் பார்த்தார், ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை.

சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைந்தார்.

சமையலறையில் அவள் கீழே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாலு துண்டு போட்டிருப்பாள், எழுந்தாள். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். திரும்ப உட்கார்ந்தாள். இரண்டு துண்டு. மறுபடி எழுந்து, முஷ்டியால் கெண்டைக்காலை நங்கு நங்கென்று குத்திக்கொண்டாள். பிறகு மாத்திரை டப்பாவைத் திறந்து, கடைசி அட்டையில் ஒரு மாத்திரையைப் பிய்த்தாள். எலுமிச்சம்பழத்தை அறுத்து டம்ளரில் பிழிந்தாள்.

செக்கர் உள்ளே போய்க் கையை நீட்டினார். முப்பது வருடமாக நீட்டுகிற அதே கை. அவள் திடுக்கிட்டு உள்ளங்கையைத் திறந்தாள். அதில் மாத்திரை.

“எத்தனை நாளா?”

“அஞ்சு நாளா” என்றாள், தலை குனிந்து.

“மாத்திரையைக் கேக்கல. காலைக் கேக்கறேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நம்ம பொண்ணு வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சது. பெத்ததும் போயிடும்னு நெனைச்சேன். கொஞ்ச நாள் போச்சு, திரும்ப வந்துச்சு.”

மகளுக்கு இருபத்தாறு வயது.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே. ஒரு தடவை சொன்னேன். நீங்க என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, ‘மனசு ஒரு இடத்துல இருந்தா கால் தானா ஒரு இடத்துல இருக்கும்’னு சொன்னீங்க. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியல. அதோட விட்டுட்டேன். அன்னைக்கு டாக்டர்கிட்ட நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் என் கால் சொல்ற மாதிரி இருந்துச்சு. ஒரே பஸ்ல பதினாலு மணி நேரம் எப்படி உக்காருவேன், சொல்லுங்க. உங்க காலைச் சாக்கு வச்சது தப்புதான். புள்ளையைப் பாக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?”

செக்கருக்கு அந்த நாள் நினைவில்லை. ஆனால் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான் தான் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. சினிமாவில் பாதியில் எழுந்து போய் வெளியே நிற்பாள். கல்யாண வீட்டில் உட்காராமல் பரிமாறுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் ‘நீங்க சாப்பிடுங்க, வேலை இருக்கு’ என்பாள். ‘என் பொண்டாட்டிக்கு உக்காரவே தெரியாது, அவ்வளவு சுறுசுறுப்பு’ என்று அவர் ஊரெல்லாம் பீற்றியிருக்கிறார். கழுகாம் கழுகு! இருபத்தாறு வருடம் வீட்டிலேயே ஒருத்தி நின்றுகொண்டே வந்திருக்கிறாள், இவர் பார்க்கவில்லை. அவமானத்தில் அவருக்கு முகம் சுட்டது.

மாத்திரையை அவள் கையிலிருந்து மெல்ல எடுத்து டப்பாவில் போட்டார்.

“நாளைக்கு உனக்கும் ரத்தம் பாக்கணும். டாக்டரம்மா உனக்குன்னு என்ன எழுதறாங்களோ அதைப் போட்டுக்கலாம்.” டப்பாவை மூடினார். “திருட்டுத்தனமா வேண்டாம்மா.”

போன் அடித்தது. மகள்தான். மனைவி ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அம்மா, பஸ் எப்பன்னு சொல்லவே மாட்டேங்கிறீங்களே? எனக்கு இங்க உக்காரவே முடியல. சாயங்காலம் ஆனா கால் ரெண்டுக்குள்ளயும் என்னமோ ஊருது. இவர்கிட்ட சொன்னா சிரிக்கிறாரு.”

அடுப்படியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செக்கர் போனை வாங்கினார்.

“மாப்பிள்ளைகிட்ட குடு.”

“சொல்லுங்க மாமா.”

“சிரிக்காதீங்க மாப்பிள்ளை. நான் சிரிக்கல, சந்தேகப்பட்டேன். ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்கே அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், கால் விஷயத்தை விட்டுடாமச் சொல்லுங்க. நாங்க இந்த வாரமே கிளம்பறோம். ஒரே பஸ்ல இல்ல. ரெண்டு ரெண்டு மணி நேரமா மாறி, இறங்கி நடந்து, ஏறி வர்றோம். ஒரு நாள் கூடுதலாகும், ஆகட்டும்.”

போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். மனைவி அதன் நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். இந்தத் தடவை வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை.

“கால் ஊருதுங்க” என்றாள்.

அவரும் அவள் கூடவே நடந்தார்.