கரை சேர்ந்ததாகக் காட்டிய படகு

அன்புவழிபுரத்து வீட்டில் அப்போது இருந்தவர்கள் நான், என் மனைவி வள்ளியம்மா, மகள் சிவரூபி, கின்னியாவிலிருந்து வந்த படகுக்காரர் ஜமால்தீன், இவ்வளவுதான்... மகன் தனோஜனின் பெயரை எடுக்கக் கூடாது என்று நானே சொல்லியிருந்தேன், படகை விற்றுவிட்டு ஆஸ்திரேலியா ஓடிவிட்டான் என்று ஊர் முழுக்கக் கதை, இந்த யோகலிங்கத்தின் மகன், என் மகன், களவாக ஓடுவதா, "ஓடினாலும் உயிரோட இருக்கட்டுமன்" என்றாள் வள்ளியம்மா, ஊரைக் குறை சொல்லி என்ன, அவன் கடைசியாகக் கடலுக்குப் போன அன்று மீனவர் சங்கத்துத் திரையில் அவன் பயண எண்ணுக்கு நேரே 'கரை சேர்ந்தது' என்று பச்சையாக இருந்தது, அதனால்தானே யாரும் தேடப் போகவில்லை, இப்போது ஜமால்தீன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, "அண்ணன், அண்டைக்குக் கரைக்கு வந்து 'கரை சேர்ந்தது' எண்ட பட்டனை அமத்தினது நான். என்ர போனிலயும் உங்கட மகன்ர அதே பயண நம்பர்தான் கிடக்கு, இப்பதான் பார்த்தனான்" என்கிறார்... ஒரே எண் இரண்டு படகுக்கு எப்படி வரும்? சங்கத்துக்கு அந்தச் செயலியை எழுதியவள் சிவரூபி, அவளுக்கு மாலை போட்டபோது முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் நான், அவள் சுவரைப் பார்த்தபடி சொல்கிறாள், "கரையில சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அப்பா. அதால ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தந்தப் போனே தானா ஒரு நம்பரை உருவாக்கும். நீளமா இருந்தா மோதாது. நான் நாலு எழுத்தாக் குறைச்சனான். பயணம் கூடக்கூட எப்பவோ ரெண்டு ஒண்டா வரும் எண்டு... தெரியும்." ஏன் குறைத்தாய் என்று நான் கேட்கவில்லை, இதே மேசையில் தனோஜன் சிரித்தது காதில் இருக்கிறது, "அக்கா, உன்ர நம்பரை வயர்லெஸ்ஸில வாசிச்சு முடிக்க முன்னம் மீன் நாறிப்போயிடும்"...

"சங்கத்தில என்ன சொல்ல, அண்ணன்? நீங்க சொல்லாட்டி நானும் வாய் திறக்கமாட்டன்" என்கிறார் ஜமால்தீன், வள்ளியம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள், பேசாமல் விட்டால் மகளின் பெயர் தப்பும், வள்ளியம்மாவின் மகன் எங்கோ ஒரு நாட்டில் நடமாடுவான்... எனக்கு மட்டும் அவன் நடமாடவில்லையா? களவன், மானம் கெட்டவன் என்று ஒவ்வொரு நாளும் திட்டினேனே, செத்தவனை யாராவது அப்படித் திட்டுவார்களா, அவமானம் அவமானம் என்று நான் இவ்வளவு நாளும் இறுக்கிப் பிடித்திருந்தது எதை?

தனோஜன் படகை விற்கவில்லை. ஆஸ்திரேலியா போகவில்லை. அன்று வந்தது ஜமால்தீனின் படகு. இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தது என் மகள் எழுதிய செயலி. என் மகன் கரைக்கு வரவில்லை.