கண்ணாடியை உடைத்தவள்

பானுப்பிரியா சிலமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் ஒன்றரை வயது அமுதவள்ளியை முனியாயி அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவது அவள்தான். நாலு வீட்டுப் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்பவர் முனியாயி அக்கா. அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு அதிகாரி வருவதால் பானு முதல் பஸ்சுக்கே ஓட வேண்டியிருந்தது.

"இருமல் மருந்து பையில இருக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம்னு அக்காகிட்டச் சொல்லிருங்க" என்று கணவன் லிங்கேஸ்வரனிடம் சொல்லிவிட்டுப் போனாள். மருந்தை மறப்பானோ என்றுதான் அவளுக்குப் பயம்.

லிங்கேஸ்வரன் போடியில் ஓர் ஏலக்காய்க் குடோனில் மேற்பார்வை. ஒன்பது மணிக்குப் பிள்ளையைக் காரின் பின்சீட்டில், அவளுக்கென்று மாட்டியிருந்த நாற்காலியில் உட்காரவைத்து வாரைப் பூட்டினான். முந்தின ராத்திரி இருமலில் சரியாகத் தூங்காத பிள்ளை, தெருமுனை திரும்புவதற்குள் கண் சொருகிவிட்டாள். அந்த நேரம் பார்த்து முதலாளி அழகுமலையின் போன்.

"எங்கப்பா இருக்க? போடிமெட்டுல இருந்து லோடு வந்து நிக்குது. பாதி மூட்டை நனைஞ்சிருக்குங்கிறான். வெரசா வா."

"இந்தா வந்துட்டேண்ணே."

அவ்வளவுதான். எந்த மூட்டை நனைந்தது, எதைத் தனியாகப் பிரிப்பது, வாங்கினவருக்கு என்ன பதில் சொல்வது என்று மனசு முன்னால் ஓடிப்போய்விட்டது. கை, தினமும் போகிற வழியில் வண்டியை ஓட்டியது. முனியாயி அக்கா வீட்டுக்குத் திரும்புகிற சந்து வந்தது, போனது. பின்னால் சத்தமே இல்லை. குடோன் வாசலில், லாரிக்குப் பக்கத்தில், பங்குனி வெயிலில் காரை நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே போனான்.

நனைந்த மூட்டைகளைப் பிரித்துக் காயைத் தார்ப்பாயில் கொட்டிக்கொண்டிருந்தபோது வெளியே படாரென்று ஒரு சத்தம். தொடர்ந்து அவன் காரின் அலாரம் அலறியது.

"எவன்டா அது வண்டிய ஒடைக்கிறது?" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

காரின் முன்கதவுக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. ஏலக்காய் தரம் பிரிக்க வருகிற பாண்டியம்மாள் அதற்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் அவள் காலடியில் கிடந்தது. அவன் மறுபடி கத்த வாயெடுத்தபோது அவள் நிமிர்ந்தாள். அவள் தோளில் அமுதவள்ளி. வேர்வையில் தொப்பலாக நனைந்து, முகம் செக்கச் சிவந்து, தலை தொங்க.

லிங்கேஸ்வரனுக்குத் தான் பார்ப்பது என்னவென்று ஒரு கணம் விளங்கவில்லை. முனியாயி அக்கா வீட்டில் இருக்க வேண்டிய பிள்ளை இங்கே எப்படி வந்தது என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு விளங்கியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"உக்காராத தம்பி! எந்திரி! ஆசுபத்திரிக்கு வண்டி எடுக்கச் சொல்லு!" பாண்டியம்மாள் அதட்டினாள். அதட்டிக்கொண்டே நிழலுக்கு ஓடி, பிள்ளையின் சட்டையைக் கழற்றி, தன் தண்ணிப் பாட்டிலை முந்தானையில் கவிழ்த்து, நெற்றியிலும் கழுத்திலும் ஒற்றினாள். "ஆத்தா, என் கண்ணு, முழிச்சுப் பாரு ஆத்தா."

வேறொரு லோடு இறக்கிவிட்டு நின்ற ஜீப்பிலேயே ஏறினார்கள். பாதி வழியில் அமுதவள்ளி ஒரு முனகல் முனகினாள். பிறகு வீறிட்டு அழுதாள். பாண்டியம்மாளின் கையிலிருந்து வழிந்த ரத்தத்தை அப்போதுதான் அவன் பார்த்தான். உடைந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டுக் கதவைத் திறந்ததில் வலது உள்ளங்கை நீளமாகக் கிழிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எவ்வளவு நேரம் உள்ள இருந்தா?" என்று கேட்டார்.

"முக்கால் மணி நேரம் இருக்கும். நான்... நான் மறந்துட்டேன் டாக்டர்."

டாக்டரம்மா அவனைத் திட்டவில்லை. பிள்ளைக்குக் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். சூடு இறங்குகிறதா என்று மறுபடி மறுபடி வந்து பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து, "பயமில்ல. சாயங்காலம் வரைக்கும் வச்சுப் பாத்துட்டு அனுப்புறேன். வெளிய எடுத்தவங்க நல்ல நேரத்துல எடுத்திருக்காங்க" என்றார். லிங்கேஸ்வரன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான்.

பின்னாலேயே வந்துவிட்ட அழகுமலை காதருகே வந்தார். "மாப்ளே, வீட்டுல வெயில் மயக்கம்னு சொல்லிக்க. எல்லாத்தையும் எதுக்குச் சொல்லிக்கிட்டு?"

அவன் வெளியே போய் போன் போட்டான். "பானு, பாப்பா நல்லாருக்கா. மொதல்ல அதக் கேட்டுக்க. நான் அவள அக்கா வீட்டுல விடல. கார்லயே விட்டுட்டுப் போயிட்டேன். மறந்துட்டேன்."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள் பானு. அவன் சொன்னதும் போன் அணைந்தது.

கூட வேலை பார்க்கும் வாத்தியாரின் பைக்கில் வந்து இறங்கிய பானு, அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குளுக்கோஸ் ஏறி முடிந்திருந்த பிள்ளையைத் தூக்கி உச்சந்தலையை முகர்ந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "யாரு எடுத்தது?" என்று மட்டும் கேட்டாள்.

பாண்டியம்மாளுக்கு அடுத்த அறையில் ஆறு தையல் போட்டு முடித்திருந்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே பானு அவள் முன்னால் குனிந்து, கட்டுப்போட்ட கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஐந்து நாள் பானு பிள்ளையை அவன் கையில் கொடுக்கவில்லை. சமைக்கும்போதும் இடுப்பில்தான். "என்னைத் திட்டிரு பானு" என்று ஒருநாள் கெஞ்சினான்.

"திட்டத்தான் தோணுது. ஆனா இவ இந்தா சிரிக்கிறா. இவ சிரிக்கிறதப் பாத்தா வாய் வரல. கொஞ்ச நாள் விடுங்க" என்றாள்.

இனிமேல் ஒன்பதேகாலுக்குள் பிள்ளை வரவில்லையென்றால் இருவருக்கும் போன் போட வேண்டும் என்று முனியாயி அக்காவிடம் பேசி வைத்ததும் அவள்தான். "லீவு போல இருக்குன்னு நெனச்சேன்டி" என்று அந்த அம்மாவும் அழுதுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் பஸ்சேறி ராசிங்காபுரத்தில் பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனார்கள். அவள் இடது கையாலேயே காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

"எப்படிக்கா பாத்தீங்க?" என்றாள் பானு.

"அன்னிக்கு டவுன் பஸ்சு வழியில நின்னுபோச்சு. எனக்கு லேட்டு. தம்பி ஏசுமேன்னு ஓடியாந்தேன். வேர்வையில பொட்டு நகந்துருச்சு. காரு கண்ணாடியில பாத்து ஒட்டலாம்னு குனிஞ்சேன். உள்ள ஒரு சின்னக் காலு. தட்டுனேன், அசையல. உள்ள வந்து தம்பியக் கூப்புடலாம்னு ரெண்டெட்டு வச்சுட்டேன். அதுவரைக்கும் புள்ள தாங்குமான்னு மனசு கேக்கல. பின்னாடிக் கண்ணாடிய ஒடச்சாப் புள்ள மேல சில்லு விழும். அதான் முன்னாடி."

லிங்கேஸ்வரன் தலை நிமிரவே இல்லை. "லேட்டா வர்றவங்க வீட்டுக்குப் போகலாம்னு போன வாரந்தான் உங்ககிட்டக் கத்தினேன்."

"கத்துன. அதுக்கென்ன இப்ப?" பாண்டியம்மாள் சிரித்தாள். "நானும் என் மூத்தவனைக் கைக்குழந்தையில களத்துமேட்டுல தொட்டில் கட்டிப் போட்டுட்டு, வீடு வரைக்கும் வந்துட்டேன் தம்பி. களையெடுத்த அலுப்பு. தெய்வாதீனமா ஒருத்தி தூக்கிக்கிட்டு வந்தா. அவ பேரு கருத்தம்மா. இன்னிக்கும் நல்ல நாள் பொழுதுன்னா அவளுக்குத்தான் மொதல்ல பலகாரம் குடுத்துவிடுவேன்."

அதைக் கேட்டதும் பானு தன் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நேருக்கு நேராகப் பார்த்தது அப்போதுதான்.

திரும்பும்போது பஸ்சில் நல்ல கூட்டம். ஒரே ஒரு சீட்டு கிடைத்தது. பானு அவனை உட்காரச் சொன்னாள்.

"நீ உக்காரு பானு."

"இல்ல, நீங்க உக்காருங்க" என்றவள், தூங்கி வழிந்த அமுதவள்ளியை இடுப்பிலிருந்து இறக்கி நீட்டினாள். "புடிங்க."

அவன் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினான். பிள்ளை அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்து, சட்டைப் பையைப் பற்றிக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தாள். அவளுடைய சூடான மூச்சு சட்டையைத் தாண்டி உறைத்தது. யாரை என்று தெரியாமல் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே, போடி வரும்வரை அவன் கையை அசைக்கவே இல்லை.